லாரி நிற்குமிடம்: ஆள் எண்ணிக்கை பூஜ்யம்

அந்தப் பூஜ்யத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். மற்றவர்களைக் குறை சொல்லும் முன் இதை எழுதிவிடுவது நியாயம்.

நான் வேலை செய்யும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஒரு துறைமுகத்தில் வரப்போகும் மிதக்கும் எரிவாயு முனையத்துக்குத் திட்டம் தயாரித்துக்கொண்டிருந்தோம். குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். துறைமுகத்தில் நிரந்தரமாகக் கட்டிவைத்த இன்னொரு கப்பல் அதை வாங்கிக்கொள்ளும். பெரும்பகுதி மீண்டும் வாயுவாகிக் குழாயில் போகும். மிச்சம் திரவமாகவே டேங்கர் லாரிகளில் ஏறி உள்நாட்டு ஆலைகளுக்குப் போகும். அந்த லாரிகளில் பாதிக்கு மேல் நாமக்கல் பக்கத்து லாரிகளாக இருக்கும் என்பது அதே பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

விபத்து நேர்ந்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்ற கணக்கு என் பொறுப்பு. அதற்கு ஓர் அட்டவணை வேண்டும்: எந்த இடத்தில், எத்தனை பேர், எவ்வளவு நேரம். கட்டுப்பாட்டு அறை, சுங்க அலுவலகம், மீன் இறங்குதளம், ஐஸ் ஆலை என்று நீளும் அந்தப் பட்டியலில் பதினான்காவது வரிசை லாரி நிறுத்துமிடம். ஓட்டுநர்களுக்கு முன்பதிவில் நேரம் கொடுக்கப்படும், வந்தவுடன் நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் காத்திருக்கப்போவதில்லை என்றார் என் மேலதிகாரி. நான் பூஜ்யம் போட்டேன். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால் ஒரு நிம்மதி. பூஜ்யம் போட்ட கட்டமும் நிரம்பிய கட்டம்தானே.

அந்த வாரக் கடைசியில் எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் போனேன். என் தாய்மாமா எரிவாயு டேங்கர் ஓட்டுகிறவர், இருபது வருடத்துக்கு மேல். அவருடைய முதலாளி புது லாரி எடுத்திருந்தார். தொட்டியில் இன்னும் ஒருமுறைகூட வாயு ஏறவில்லை. நாமக்கல்லில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் மாமா அதோடு நிற்கிறார், காலையில் எதுவும் சாப்பிடாமல் போய்விட்டார் என்று அம்மா என் கையில் இட்லித் தூக்கைக் கொடுத்து அனுப்பினார்.

நான் போனபோது மாமா ஒரு பிரஷர் குக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிக்கு அடியில் குனிந்திருந்தார். இடது பக்கம், கேபினுக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள் குக்கரை வைத்தார், மூடினார், மறுபடி திறந்தார். விசில் இடிக்கிறது, இன்னும் இரண்டு விரல் உயரம் வேண்டும் என்று வெல்டரிடம் சொன்னார். பெட்டியின் கதவு கீழ்நோக்கித் திறந்து இரண்டு சங்கிலியில் தொங்கியது. காய் நறுக்கும் பலகை அதுதான். உள்ளே அடுப்புக்கு ஓர் இடம், அரிசி டின்னுக்கு ஓர் இடம். சின்ன வயதிலிருந்து எங்கள் ரோட்டில் இந்தப் பெட்டி இல்லாத லாரியை நான் பார்த்ததே இல்லை. பார்த்துப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

வாயு லாரியில் அடுப்பு வைக்கக் கூடாதே என்று கேட்டேன். கூடாதுதான், அதனால்தான் லாரியைச் சோதித்து ரிஜிஸ்டர் செய்த பிறகு பெட்டி வைக்கிறோம் என்றார் வெல்டர், முகமூடியைத் தூக்காமலே. எல்லா டேங்கருக்கும் வைத்துக் கொடுக்கிறாராம்.

எங்கள் திட்டத்தைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். லாரிகள் நேரம் வாங்கி வரும், நிரப்பும், போய்விடும் என்றேன். அவர் இட்லியை மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

“லாரி நேரத்துக்கு வந்துரும் அம்மிணி. கப்பலு வருமா?”

தூக்கை மூடிவிட்டு அவரே தொடர்ந்தார்.

“புயலுன்னு கப்பலு வரலீன்னா நாங்க திரும்பியா போவோம்? கேட்டுக்கு முன்னால வரிசை புடிச்சுப் படுத்துக் கெடக்கோணும். ரெண்டு நாளு, மூணு நாளு. துறைமுகத்துக்குள்ள ஓட்டல் வெச்சிருக்கறானா?”

“இல்லீங்க மாமா.”

“அப்ப உங்க கம்ப்யூட்டர்ல எங்களுக்குப் பசிக்காதா, சாமி?”

வெல்டர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பேருந்தில் திரும்பும்போதே மடிக்கணினியில் எங்கள் அறிக்கையைத் திறந்தேன். மூன்றாவது அத்தியாயம், கடலும் வானிலையும்: பருவமழைக் காலத்தில் கப்பல் துறைமுகத்துக்குள் வர முடியாமல் சில நாள் தாமதமாகலாம். அதற்காக எரிவாயு தீர்ந்துபோகாதபடி தொட்டியின் கொள்ளளவு, இழுவைப் படகு, கயிற்றின் பலம் எல்லாம் சரிபார்க்கப்பட்டிருந்தன. ஏழாவது அத்தியாயம், லாரி ஏற்றுமிடம்: காத்திருப்போர் இல்லை. ஒரே அறிக்கை, ஒரே அட்டை. கப்பல் காத்திருப்பதற்கு முப்பது பக்கம் எழுதியவர்கள், அந்தக் கப்பலுக்காக மனிதன் காத்திருப்பதற்கு ஒரு வரி எழுதவில்லை. ஐஸ் ஆலையின் காவலாளியைக்கூட இரவு பகல் என்று பிரித்து எண்ணிய நான், என் சொந்த மாமாவை எண்ணவில்லை. திரவ எரிவாயு ஏற்றும் இடத்திலிருந்து ஒரு சுவர் தள்ளி, நிறுத்துமிடம் கொள்ளும் நாற்பது லாரி, நாற்பது அடுப்பு. என் கணக்கில் அங்கே காலி நிலம்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். எனக்கு அதிலேதான் கோபம் ஏறியது.

“ரூல்ஸ்படி அங்க சமைக்கவே கூடாதும்மா. கூடாததைக் கணக்குல சேர்த்தா நாமளே அனுமதிச்ச மாதிரி ஆயிடும்.”

சமைப்பதை விடுங்கள், ஆட்கள் அங்கே இருப்பார்களே, அதுவும் கூடாதா என்றேன். அவ்வளவு பேரைச் சேர்த்தால் ஆபத்து அனுமதித்த அளவைத் தாண்டிவிடும், நிறுத்துமிடத்தை நகர்த்த வேண்டியிருக்கும், வரைபடம் முழுவதும் மாறும் என்றார். ஆக, ஆள் இல்லாததால் வந்த பூஜ்யம் அல்ல அது. பூஜ்யம் போட்டால்தான் வரைபடம் நிற்கும் என்பதால் ஆள் இல்லை.

“சார், அந்தப் பூஜ்யம் நான் போட்டது. நானே மாத்தறேன். மாத்தாம இந்த அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன்.”

“யாரோ சொந்தக்காரர் டிரைவர்னு சொன்னீங்களே. அவருக்காகவா?”

“ஆமாங்க சார்” என்றேன். மறைக்க என்ன இருக்கிறது?

மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் வரிசை பதினான்கில் நாற்பது என்ற எண் ஏறியது. நிறுத்துமிடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தது. கூடவே மூன்று மொழிகளில் ஓர் அறிவிப்புப் பலகை சேர்க்கப்பட்டது: இங்கே சமைக்கக் கூடாது. நான் எழுதிக் கொடுத்திருந்த உணவுக்கூடம், கழிப்பறை, குடிநீர் மூன்றையும், பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பச்சை மையில் அடித்திருந்தார்கள். அதாவது, மனிதர்கள் இருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்பதை இன்னும் இல்லை.

மாமாவுக்குப் போன் செய்து இடம் மாறிவிட்டதைச் சொன்னேன். நல்லது சாமி என்றார். பிறகு கேட்டார்: “தண்ணிக் கொழா எந்தப் பக்கம் வருது?”

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்க்க ஒன்றுமில்லை, வரைபடத்தை நான் மனப்பாடமாக அறிவேன். அறிக்கை என் கையெழுத்துக்காக மேசைக்குத் திரும்ப வந்தது. முதல் பக்கத்தில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறேன். அடித்த மூன்று வரிகளையும் மறுபடி தட்டச்சு செய்து, குழாய்க்கு ஓர் இடம் குறித்து, மேலே அனுப்பியிருக்கிறேன்.