கிடா துலுக்காத காலை

சர்க்கரைப் பொங்கல் என்றால் எனக்கு நாக்குதான் எஜமான். தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்குச் சென்ற வருடம் கிடா வெட்டப் போன அன்றும் அப்படித்தான். காலையில் எனக்கு இன்சுலின் பத்து யூனிட். டாக்டரைக் கேட்காமல், பொங்கலை மனதில் வைத்து, வேனுக்குள் குனிந்து உட்கார்ந்து ஊசிப் பேனாவைப் பதினாலுக்குத் திருகிக் குத்திக்கொண்டேன். நான் ஊசி போடுவது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனாருக்குத் தெரிந்தால் பண்ணைப்புரம் வரைக்கும் தெரிந்துவிடும்.

கிடாவை வெட்டியதும் பொங்கல் தருவார்கள், அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடலாம் என்று நினைத்தேன். கிடா துலுக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதுதான் சாமி கொடுக்கும் உத்தரவு. அதுவரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பாழாய்ப்போன கிடா, குடம் குடமாக ஊற்றியும் அசையாமல் நின்றது.

“யாரோ தீட்டோட வந்திருக்காக” என்றாள் நாத்தனார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து.

ஒரு மணி நேரம் போனது. சாப்பாடு இறங்காமல் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. முதலில் உதடு மரத்தது. பிறகு முதுகில் வேர்வை கொட்டியது. மிட்டாய் வைத்திருந்த பை வேனிலேயே கிடந்தது. வேன் ஓடைக்கு அந்தப் பக்கம். நாலடியில் பொங்கல் பானை. படைக்காத பொங்கலில் கை வைத்தால் என்ன பேச்சு வருமோ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாவைவிட நாத்தனாருக்குப் பயந்தேன், அவ்வளவு பெரிய கூறுகெட்டவள் நான். அப்புறம் பானை இரண்டாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. பெற்ற மகளின் பேர்கூட மறந்துபோனது. அப்போது வந்தது பாருங்கள் ஒரு பயம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

“ஏ, ஆத்தா வந்திருச்சு!” என்று யாரோ ஒருத்தி கத்தினாள். குலவை போட்டார்கள். நாத்தனார் என் காலில் விழுந்தாள். பூசாரி நெற்றி நிறையத் திருநீறு அப்பி, “என்ன கொற வச்சோம்? சொல்லு தாயி!” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுற்றி நாற்பது பேர். நான் சாகிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கிடாவின் பக்கத்தில் செம்போடு நின்ற வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“ஆத்தா வெல்லம் கேக்குறா! வெலகுங்க!”

பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய வெல்லத்தை நொறுக்கி என் வாய்க்குள் திணித்தார். நான் தெளிந்து எழுந்தபோது வெட்டு முடிந்திருந்தது. கிடா எப்போது துலுக்கியது என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். “ஏத்தா, இந்த வருசமும் நீதான் முன்னால நிக்கணும்னு பூசாரி சொல்லிட்டாக. ஒன் மேலதான ஆத்தா எறங்குறா.”

வீட்டுக்காரர் ‘சொல்லாதே’ என்று கையாட்டினார். எனக்கு மறுபடியும் உதடு மரப்பதுபோல இருந்தது.

“மதினி, அன்னைக்கு எறங்குனது ஆத்தா இல்ல, எமன். நான் இன்சுலின் போடுறவ. எனக்கு ஒரு வாய் போட்ட பெறகு சாமிக்குப் படைக்கிறதா இருந்தா சொல்லுங்க, வாரேன்.”