இடப்பக்கப் பெட்டியில் கேட்ட சத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்தது. அதுவும் பகலில், நல்ல வெயிலில், மயிலிட்டிக்குப் போகும் வீதியில். நான் குடிப்பதில்லை. நித்திரைக் குறைவும் இல்லை. ஜெயனி செத்த பிறகு நான் நன்றாகத்தான் நித்திரை கொள்கிறேன். அதுதான் எனக்கே விளங்காத விஷயம்.

ஜெயனி என் மனைவி. டெங்குக் காய்ச்சல். இது நடந்ததற்கு மறுநாள் கீரிமலையில் அவளுடைய அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அந்தக் கிரியை முடியும்வரை போன உயிர் வீட்டையும் ஆட்களையும் சுற்றியே நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அவள் நிற்கிறாள் என்று எனக்கு ஒருநாளும் படவில்லை. அழுகையும் வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரு பகல். அதற்குள் ஒரு தடவையாவது அவள் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் போதும் என்று இருந்தேன்.

அன்று காலையில் லெனாட் போன் பண்ணினான். குருநகரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் என் சிநேகிதன்.

"மச்சான், கொழும்பிலையிருந்து உன்ரை பெட்டியள் வந்திட்டுது. வாறியோ, வைச்சிருக்கவோ?"

இரண்டு அலுமினியப் பெட்டிகள். மோட்டார் சைக்கிள் சீற்றின் இரண்டு பக்கமும் பூட்டுவது. இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்று நானும் ஜெயனியும் முடிவெடுத்திருந்தோம். பெட்டிகளைத் தேடிப் பிடித்து ஓடர் பண்ணியது அவள்தான்.

"வாறன்" என்றேன்.

வாசல் படலையில் மாமி மறித்தார். ஜெயனியின் தாய். செத்தவீட்டு நாளிலிருந்து தெல்லிப்பழையில் எங்கள் வீட்டில்தான் நிற்கிறார்.

"தம்பி, கொள்ளி வைச்ச ஆள் அந்தியேட்டி முடியுமட்டும் மோட்டச்சைக்கிள் ஓடக் கூடாது. நாளையிண்டைக்குப் போங்கோவன்."

"கெதியா வந்திடுவன் மாமி."

குருநகரில் லெனாட் சீற்றைக் கழற்றி, இரும்புச் சட்டத்தை வைத்து அளவு பார்த்தான்.

"உந்த ரெண்டையும் பூட்டினா உன்ரை மோட்டச்சைக்கிள் பொதி மாடு மாதிரித்தான் நிக்கப்போகுது" என்று சிரித்தான். பிறகு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு நட்டுகளை முறுக்கினான்.

கொஞ்ச நேரத்தில், என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"பின்னுக்கு ஆள் ஏறுமோடா? ஏறாட்டி முன்னுக்குத் தள்ளிப் பூட்டுறன், ஓட நல்லாயிருக்கும். ஆள் ஏறினாக் குதிக்கால் அடிபடும். பின்னுக்கு விட வேணும்."

"பின்னுக்கு விடு."

பின்னுக்கு விட்டுப் பூட்டினான்.

"ரெண்டு பக்கமும் காலைப் போட்டிருந்தா முட்டாது. சீலையோடை ஒருபக்கமா இருந்தா மட்டும் இடப்பக்கப் பெட்டியிலை குதி முட்டும். பிறகு என்னை ஏசக் கூடாது."

ஜெயனி ஒருபக்கமாக இருந்ததே இல்லை. சீலை உடுத்தால் பஸ்ஸில் போவாள்.

வெறும் பெட்டிகளோடு புறப்பட்டேன். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பெட்டி பூட்டியதும் முதல் ஓட்டம் மயிலிட்டித் துறைமுகத்துக்குத்தான் என்று ஜெயனி சொல்லி வைத்திருந்தாள்.

கடல் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால், போரில் இடம்பெயர்ந்த சொந்தக்காரர் இன்னும் திரும்பி வராத வளவுகள் இருக்கின்றன. கூரையில்லாத வீடுகள். சுவருக்குள் வளர்ந்த மரங்கள். ஒரு வளவில் கட்டு இடிந்த கிணறு. அதன் முன்னால் நிறுத்தினேன். நேரம் பன்னிரண்டு பத்து. வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

பின்சீற்றைக் கையால் துடைத்தேன். பிறகு சொன்னேன்.

"ஏறுமப்பா."

வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இங்கே பல வீடுகளில் அப்படித்தான். "இஞ்சரும்", "அப்பா" என்பதோடு சரி. அன்றும் அப்படியே சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

பின்பக்கம் பதிந்தது.

மெதுவாக, ஓர் ஆள் ஏறி இருந்தால் பதிவது போல. எனக்குப் பயம் வரவில்லை. அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன். துறைமுகத்தை மறந்துவிட்டேன். வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும்... அவ்வளவுதான் நினைவில் இருந்தது. மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

டொக்.

பெட்டியில் குதி படும் சத்தம். புதுப் பெட்டி, அவளுக்குப் பழக்கமில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் சிரித்தேன்கூட.

டொக்... டொக்...

ஜெயனி ஏறியதும் என் வலது தோளில் கை வைப்பாள். தோளில் ஒன்றும் இல்லை.

கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் வீதி.

ஹாண்டில் இடப்பக்கம் இழுத்தது. பாரம் முழுவதும் இடப்பக்கம்.

டொக்... டொக்...

இரண்டு குதிகள். ஒன்றன் பின் ஒன்று. இரண்டும் ஒரே பெட்டியில்.

இடப்பக்கப் பெட்டியில்.

"ஜெயனி?"

சத்தம் நின்றது.

பாரம் நிற்கவில்லை. இன்னும் பதிந்தது.

"ஜெயனிதானே?"

கழுத்துக்குப் பின்னால் ஈர மண் மணம்... கிணறு இறைத்துச் சேறு அள்ளிப் போட்டால் வருமே, அந்த மணம்.

டொக் டொக் டொக் டொக்.

நான் நிறுத்தவில்லை.

திரும்பியும் பார்க்கவில்லை.

வீட்டுப் படலையில் நிறுத்தியதும் பின்பக்கம் எழும்பியது. இறங்கிவிட்டது. நான் படலையைத் திறந்தேன். அவளை முதலில் உள்ளே விடுவதுதான் வழக்கம். அவளாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, "வாரும்" என்றேன்.

என்னைக் கடந்து அந்த மணம் உள்ளே போனது.

மாமி விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், எழும்பி உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, எங்கை போட்டு வாறியள்?"

"லெனாட்டிட்டை."

"பொய் சொல்லாதேங்கோ. கண்ணயர்ந்திட்டன். பிள்ளை கனவிலை வந்தவள். ஒரு றோட்டு. கூரையில்லாத வீடு, இடிஞ்ச கிணறு. ஹெல்மெட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறாள்."

மாமி அந்த வீதிக்குப் போனதே இல்லை.

"என்ன சொன்னவள்?"

"அழுறாள். 'அம்மா, அவர் ஏறச் சொன்னவர். நாங்கள் ரெண்டு பேர் நிண்டனாங்கள். மற்றவள் முந்தி ஏறிட்டாள்' எண்டு சொல்லி அழுறாள்."

நான் திரும்பவும் அங்கே போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முழுப் பெயரும் சொன்னேன். பொழுதுபடும் வரை நின்றேன். சீற் பதியவில்லை.

மறுநாள் அந்தியேட்டி நடந்தது. ஐயர் சொன்னதையெல்லாம் செய்தேன். கடலில் முழுகினேன். அழுகை வரவில்லை.

பிறகு லெனாட்டின் சிநேகிதன் பேதுருவைச் சந்தித்தேன். மயிலிட்டிக்காரன். அந்தக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன்.

"அதோ? போன வருஷம் துப்புரவாக்க இறைச்சவங்கள். அடியிலை ஒரு பொம்பிளையின்ரை எலும்பும் சீலைத் துண்டும் கிடந்ததாம். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உரிமை கேட்டும் ஒருத்தரும் வரேல்லை. ஏன் கேக்கிறாய்?"

"சும்மா" என்றேன்.

மாமியிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரவில் அவர் படலையைப் பூட்ட விடுவதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளுக்கு வந்தது வெளியிலை போகவேணுமெல்லே, தம்பி" என்றார்.

படலை இன்னும் திறந்துதான் கிடக்கிறது.