பின்னாலிருந்து வந்த குரல்

கல்லூரியில் அவளை ஏணி என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை வைத்தவள் அவள் தோழி; அவளுக்குப் பட்டம் குட்டை. விடுதியில் ஒரே அறை, கூடைப்பந்து அணியில் ஒரே உயிர். குட்டை பந்தைத் தட்டிக்கொண்டு வருவாள். ஏணி கூடைக்கு அடியில் நின்று அதை வாங்கிப் போடுவாள். இரண்டு பேர் வந்து ஏணியை மறித்துவிட்டால், குட்டை அவள் முதுகுக்குப் பின்னால் ஓடி, "ஏணி, இங்க" என்பாள். அடுத்தவர் காதில் விழாத குரல். ஏணி திரும்பாமலே பந்தைப் பின்னால் விடுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தலையா?" என்று பயிற்சியாளர் கேட்பார்.

"தலை என்னோடது சார். உயரந்தான் அவளோடது" என்பாள் குட்டை.

பல்கலைக்கழகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது ஏணிதான். செய்தித்தாளில் வந்த படத்தில் அவள் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. அம்மா அதைத் தையல் மிஷினுக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

கடைசி ஆண்டில் துறைமுக அலுவலக அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே ஓர் இடம், அதோடு நிரந்தர வேலை. வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டுத் தேர்வு. இருவருக்குமே அழைப்பு வந்திருந்தது.

"எனக்கு எதுக்குடி வேலை? அப்பா கடை இருக்கு" என்றாள் குட்டை, பேருந்தில். "உனக்குத் துணைக்குத்தான் வரேன்."

ஏணிக்குச் சிவப்புப் பனியன் கொடுத்தார்கள், குட்டைக்கு மஞ்சள். ஏணி அன்று வெளுத்து வாங்கினாள். ஓரமாக உட்கார்ந்திருந்த அதிகாரிகள் அவளைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பந்து ஏணியின் கையில். மஞ்சள் பனியன்கள் இரண்டு வந்து மறித்தன.

"ஏணி, இங்க."

கை பந்தை விட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தபோது குட்டை பந்தோடு மறுகோடியில் இருந்தாள். பந்து கூடையில் விழுந்தது. விசில் ஊதினார்கள்.

"பனியன் கலர் தெரியாதவள எடுத்து என்ன பண்றது?" என்றார் ஓர் அதிகாரி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த கல்லூரிப் பயிற்சியாளர் கோட்டுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

"அவ கூப்பிட்டா சார். உங்களுக்குக் கேட்டுச்சில்ல?"

அவர் குனிந்து ஷூ கயிற்றை முடிந்தார். "ஆட்டம்னா அப்படித்தாம்மா."

இடம் குட்டைக்குப் போயிற்று. பேருந்தில் ஏணி தனியாகத் திரும்பினாள்.

"எதிராளிகிட்ட எவளாவது பந்தக் குடுப்பாளா?" என்றாள் அம்மா.

"எதிராளின்னு தோணலம்மா."

அம்மா மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். படத்தை யாரும் கிழிக்கவில்லை. அது தானாகப் பழுத்து உதிர்ந்தது.

இப்போது அவளுக்கு மருந்து மொத்த விற்பனைக் கிடங்கில் வேலை. மேல் தட்டுப் பெட்டிகள் எல்லாம் அவள் பொறுப்பு. "இவள வேலைக்கு எடுத்ததுல முக்காலி வாங்குற செலவு மிச்சம்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பஞ்சுக் கட்டுகளைத் தூக்கிப் போட்டால் எதிரே நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஏணி ஆளைப் பார்க்காமல் போடமாட்டாள்.

"போடுங்கக்கா, நாந்தான்" என்பான் பொட்டலம் கட்டுகிறவன், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து.

"மூஞ்சியக் காட்டு."

"இந்த மூஞ்சியப் பாத்து என்னக்கா ஆகப்போவுது?"

"காட்டுடா."

ஒரு மத்தியானம் அவள் கட்டுத்துணிப் பொட்டலம் ஒன்றை மேல் தட்டிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏணி, இங்க."

பொட்டலம் கையைவிட்டுப் போய்விட்டது. அப்புறந்தான் அவள் திரும்பினாள். குட்டை அதை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். உடம்பு பூசியிருந்தது. துறைமுக அணியின் சட்டை, நெஞ்சில் கேப்டன் என்று தைத்திருந்தது. அணிக்கு முதலுதவிச் சாமான் வாங்க வந்திருக்கிறாள்.

"பாத்தியாடி," என்று சிரித்தாள். "இன்னும் அப்படியே இருக்கு."

ஏணி தன் கையைப் பார்த்தாள். குட்டை மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத," என்றாள் ஏணி. "என்ன வேணுமோ விரல நீட்டிக் காட்டு, எடுத்துத் தரேன். உன் குரலக் கேட்டா இந்தக் கை என் பேச்சக் கேக்கமாட்டேங்குது."