கோழித் தண்ணீரில் நான் கலந்த மருந்து

காமயகவுண்டன்பட்டியில் எனக்குச் சின்னதாக ஒரு கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. நோய் வந்துவிடக் கூடாதென்று, நன்றாக இருக்கும் கோழிகளுக்கும் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்து வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோழியை அரிந்த அரிவாள்மனையைக் கழுவாமல், அதிலேயே வெள்ளரிக்காயை அரிந்து தின்றாள் என் மனைவி. இரண்டு நாளில் கடும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. உள்ளூரில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னிடம் ஒரு பட்டியலைக் காட்டி, "இந்த மருந்துக்கெல்லாம் இந்தக் கிருமி கட்டுப்படாது" என்றார். முதல் பெயரை நான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இதத்தாம்மா நான் கோழிக்குக் கலக்குறேன்!"

"அப்படி மருந்துக்குப் பழகின கிருமி கறி வழியா வந்திருக்கலாம். கேக்குற மருந்து இன்னும் இருக்கு, பயப்படாதீக."

அந்த மருந்தை ஊசியாகப் போட்டார்கள்; அது கேட்டது. மூன்றாம் நாள் காலையில், "ஏங்க, பசிக்குது" என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் கறிக்குத் தனி அரிவாள்மனை. கால்நடை மருத்துவர் எழுதித் தராமல் எந்த மருந்தையும் நான் கலப்பதில்லை. கொட்டகையைத்தான் சுத்தமாக வைத்திருக்கிறேன். அப்படி வளர்ந்த முதல் கோழிகள் தெம்பாக ஓடியதைப் பார்த்தபோது, இத்தனை நாள் எதற்காகக் கலந்தேன் என்று வெட்கமாக இருந்தது.