எனக்கென்று இருந்த கால் மணி நேரம்

மாலை மூன்று ஐம்பது. விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தியபோது முதலில் கண்ணில் பட்டது, ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் ஓடியபடி நின்ற, பாகாலா ஊர்ப்பக்கம் போகும் பள்ளிப் பேருந்து. அதன் கண்ணாடிகள் நெடுகிலும் என்னைப் பார்த்துத் திரும்பிய முகங்கள். ஓட்டுநர் இருக்கையில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா. தேர்வு அறையில் நானும், படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவ இருந்த சப்போர்ட் மேடமும் மட்டுமே இருந்தோம். தான் பார்த்தால் நான் அவசரப்படுவேன் என்று மேடம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் நடந்த அந்தப் பள்ளி, திருப்பதிக்கு வெளியே சித்தூர் சாலையில் இருந்தது. பேருந்து ஓட்டுபவர்களின் பிள்ளை ஒருவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. அப்படித்தான் நான் சேர்ந்தேன். எனக்குப் படிப்பது மெதுவாகத்தான் வரும். ஒரு வரி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது கண் மறுபடி பழைய வரியிலேயே போய் விழும். மக்கு என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த நேரத்தில் மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்து, ஒரு பாடத்தைத் தானே வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இவளுக்கு நேரம்தான் போதவில்லை என்று பள்ளிக்குச் சொல்லி, தேர்வுகளில் கூடுதலாகக் கால் மணி நேரம் வாங்கித் தந்தார். அவர் புத்தூர்க்காரர். வகுப்பில் ஆங்கிலம், அலுவலகத்தில் தெலுங்கு, என்னிடமும் நைனாவிடமும் தமிழ்.

மாதத் தேர்வுகள் கடைசி பாடவேளையில் நடக்கும். என் கால் மணி நேரம் முடியும்வரை பாகாலா பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பேருந்தில் காத்திருக்க வேண்டும். நான் ஏறியதும் பின்னாலிருந்து ஒருவன் தெலுங்கில், “ஓவர்டைம் ஒச்சேசிந்தி ரா” என்பான். ஓவர்டைம் வந்துவிட்டதாம். அதுவே எனக்குப் பெயரானது. நகரியிலிருந்து குடிவந்திருந்த பெண் ஒருத்தி தமிழில் கேட்டாள்: “நீ எழுதறதுக்கு உங்க நைனாக்கு டபுள் சம்பளமா?” எல்லோரும் சிரித்தார்கள். நைனாவுக்கும் கேட்டிருக்கும். அவர் கியரை மாற்றினார்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேருந்து தாமதமாவதைப் பற்றிப் புகார் வந்தது. போக்குவரத்துப் பொறுப்பாளர் பேருந்துப் படியில் நின்றுகொண்டு, மகளுக்காக வண்டியை நிறுத்துவாயா என்று பிள்ளைகள் முன்னால் நைனாவைக் கேட்டார். நைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையாட்டினார். அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம், “நீ எழுதிக்கினு இரும்மா. வண்டி எங்க போயிடப் போவுது” என்றார்.

அடுத்த தேர்விலிருந்து மணி அடித்ததும் எல்லோருடனும் எழுந்துவிட்டேன். பாதி வினாத்தாள் படிக்காமலே கிடக்கும். “முடிச்சிட்டியா?” என்று நைனா கேட்டார். ஆமாம் என்றேன். அன்று வழியெல்லாம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஓட்டுநருக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல முடியவில்லை.

பொதுத்தேர்வுக்கு முன்னால் மேடம் கூப்பிட்டார். பொதுத்தேர்வை நடத்தும் பிரிட்டிஷ் தேர்வு வாரியத்தின் விதி ஒன்று உண்டு. பள்ளித் தேர்வுகளில் வழக்கமாகக் கூடுதல் நேரம் எடுத்து எழுதியவருக்கு மட்டுமே பொதுத்தேர்விலும் அது கிடைக்கும். “நீ உக்காராம எழுந்து போனா, உக்காந்து எழுதினாள்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா. இன்னும் ஒரு தேர்வு இருக்கு. அதுலயாவது உக்காரு” என்றார். தலையாட்டினேன். அந்தத் தேர்விலும் மணி அடித்ததும் எழுந்தேன்.

மேடம் நைனாவை வரச் சொன்னார். குளிரூட்டிய அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்த நைனா, அவர் பேசத் தொடங்கும் முன்பே சொன்னார்: “இப்பல்லாம் எல்லாரோடவும் சேந்தே முடிச்சிடுது மேடம். அந்த டைம வேற புள்ளைக்குக் குடுங்க, பாவம்.”

மேடம் என்னைப் பார்த்தார். என் விடைத்தாள்கள் அவர் மேசைமேல்தான் இருந்தன. ஒன்றைத் திருப்பிக் காட்டியிருந்தால் போதும். அவர் காட்டவில்லை, நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், “சரிங்கண்ணா” என்றார்.

பொதுத்தேர்வில் அறிவியல் தாளின் கடைசிப் பக்கங்களை நான் திருப்பவே இல்லை. முடிவு வந்த அன்று நைனா மேடத்தைத் தேடிப் போய், பேப்பர் கஷ்டமா என்று கேட்டார். “கஷ்டம்தாண்ணா, எல்லாருக்கும்” என்றார் மேடம். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னது.

இப்போது திருப்பதியில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்க்கிறேன். வரிக்குக் கீழே அட்டையை வைத்து நகர்த்தித்தான் படிப்பேன். எனக்கு நிதானம் அதிகம் என்று அலுவலகத்தில் பாராட்டுகிறார்கள். நான் மறுப்பதில்லை. போன மாதம் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் மேடத்தைப் பார்த்தேன். என் வேலையைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு, நாளிதழில் எந்தப் பக்கம் உன்னுடையது, வாங்கிப் படிக்கிறேன் என்றார். எப்படிப் படிக்கிறாய் என்று கேட்கவில்லை.

நான் படித்து முடித்த மறு ஆண்டு, கூடுதல் நேரம் எழுதும் பிள்ளைகளுக்கென்று பள்ளி தனியாக ஒரு வேன் விட்டது. கேட்டு வாங்கியவர் மேடம். அதை இன்றுவரை ஓட்டுவது நைனா.