எதிரெதிர் நடை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டையில் மிஞ்சியிருப்பது செங்கல் மேடும் சீமைக் கருவேலமும் சுற்றிலும் அகழியும்தான். உள்ளே போக வழி தேடி அகழிக் கரையோடு நடக்கிறேன். எனக்கு முன்னால் புர்கா அணிந்த ஓர் அம்மா விறுவிறுவென்று போகிறார். எதிரே, கால்களில் ஷூவோடு இன்னொரு அம்மா வருகிறார். இருவரும் கடக்கையில் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஷூ அம்மாவிடம் வழி கேட்கிறேன்.

"உள்ள இன்னா கீது? முள்ளும் பாம்பும்தான். நாங்க சுகருக்காவ சுத்திக்கினு கீறோம்."

"முன்னால் போகிறவர்?"

"என் நாத்தனாரு. நோம்புப் பெருநாள்லேர்ந்து பேச்சு கெடையாது."

"அதுதான் எதிர்ப்பக்கமாக நடக்கிறீர்களா?"

ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்.

"ஒரே பக்கமா நடந்தா அவ முதுகுதான தெரியும்? மயக்கம் கியக்கம் வந்து தண்ணில வுழுந்தா யாரு பாக்குறது?"

வழியை மறந்துவிட்டு நானும் ஒரு சுற்று நடக்கிறேன். மறுபக்கத்து வளைவில் அவர்கள் மீண்டும் நெருங்குகிறார்கள். இந்த முறை கவனிக்கிறேன்: இருவருமே முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக்கொள்கிறார்கள்.