அடுத்த வாரத்துக்கான மருந்து

கொரோனா அடங்கி, எல்லோரும் மறுபடி விமானம் ஏறத் தொடங்கியிருந்த சமயம். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் நானும் என் மகளும் கேரளாவில் இருக்கும் மூணாறுக்குப் போனோம். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். இந்தியாவுக்குப் போனதெல்லாம் கல்யாணம் காட்சிக்குத்தான். ஊர் சுற்றிப் பார்க்கவென்றே போனது அதுதான் முதல் தடவை.

நாங்கள் இருப்பது கிளமெண்டியில். நான் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். கணவர் செம்பவாங்கில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் இருக்கிறார். அந்த மாதம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டார்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒன்பது வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். வயதானவர்களுக்கு மாத்திரையில் கட்டுப்படுகிறதே, அந்த வகை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. சாப்பிடும்போதெல்லாம் ஒரு ஊசி, ராத்திரி படுக்கும் முன் ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கும், அவளே போட்டுக்கொள்வாள். ஒரு நாள் முழுக்க ஊசி இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. மற்றபடி அவள் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். நெட்பால் ஆடுவாள், என்னோடு சண்டை போடுவாள்.

மூணாறு அவளுடைய ஆசை. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருவதை ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். லிட்டில் இந்தியாவில் டிக்கெட் எடுக்கப் போனபோது அங்கிருந்தவர் எங்களைத் திருப்பிவிடப் பார்த்தார். மழைதான் வேண்டுமென்றால் கோவா போங்கள், கூர்க் போங்கள், ஏரி நிறைந்திருக்கும்போது உதய்ப்பூர் அழகாக இருக்கும், செப்டம்பரில் போனால் மேகாலயாகூடப் பார்க்கலாம் என்று அடுக்கினார்.

"ஜூன்ல மூணாறு போனா மழையத் தவிர ஒண்ணும் பாக்க முடியாதுலா" என்றார்.

"அதப் பாக்கத்தான் அங்கிள் போறோம்" என்றாள் மகள். அவர் சிரித்துவிட்டு டிக்கெட்டைப் போட்டுக்கொடுத்தார்.

கொச்சியிலிருந்து காரும் டிரைவரும் ஏற்பாடு செய்திருந்தோம். டிரைவர் மலையாளி, எங்களுக்காகத் தமிழில் பேசினார். மலை ஏற ஏற, பாறைகளில் எல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய அருவி, சின்ன அருவி, நூல் மாதிரி ஒழுகுகிற அருவி. நம் ஊரிலும் மழை உண்டு. அடித்துப் பெய்யும், சீக்கிரமே நின்றுவிடும். இந்த மழைக்கு நிற்கிற எண்ணமே இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், டவுனிலிருந்து தள்ளி இருந்த ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்காரர் அறைகளை வாடகைக்கு விடுபவர். போன அன்றைக்கே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

புது இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன். மருந்து கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் அவர் அதை நன்றாகக் குளிரும் இடத்தில், மேலே ஐஸ் வைக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் உறைந்திருந்தது.

"அம்மா, எல்லாமே ஐஸ் ஆயிடுச்சு மா" என்று மகள் நீட்டினாள்.

உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. ராத்திரி போடும் மருந்து முந்தின நாளோடு தீர்ந்திருந்தது. கைப்பையில் இருந்த பேனாவில் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தது. அதுவும் தீர்ந்தது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தவும் எனக்கு நேரம் இல்லை. டவுனில் மருந்துக்கடை இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்று காரில் ஏறினோம்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை. வளைவு ஒன்றில் மலைச்சரிவு அப்படியே இறங்கி ரோட்டை மூடியிருந்தது. மண்ணும் மரங்களும் பாறையும். மேலேயிருந்து இன்னும் விழுந்துகொண்டிருந்ததால் நடந்துகூட யாரையும் தாண்டவிடவில்லை. நாளைக்குத் திறந்தாலே பெரிய விஷயம் என்று பேசிக்கொண்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சல் தலைவலி மாத்திரைதான் உண்டு. அங்கே வேலை பார்ப்பவரும் மறுபக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்.

மகளின் கையில் சர்க்கரை அளவைக் காட்டும் சின்ன வட்டமான கருவி ஒட்டியிருக்கும். போனை அதன் அருகே காட்டினால் எண் வரும், பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் வரும். அம்பு மேலே பார்த்து நின்றது, சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. நான் காரில் உட்கார்ந்து விரல்களிலேயே ஜெபமாலை சொல்லத் தொடங்கினேன். பாதியில் எந்த மந்திரத்தில் இருக்கிறேன் என்பது மறந்துபோனது. மகள் தண்ணீர் குடித்தபடி, "நான் ஓகேதான் மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிச் சொன்னால் ஓகே இல்லை என்று அர்த்தம்.

டிரைவர் சும்மா இருக்கவில்லை. நின்ற ஒவ்வொரு வண்டியாகப் போய், இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது, யாரிடமாவது இன்சுலின் இருக்குமா என்று விசாரித்திருக்கிறார். ஒரு ஜீப்பில் இருந்தவர், கீழே தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பெண் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று வழி சொன்னார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் பாதை. நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். குடை ஒன்றுக்கும் உதவவில்லை.

அந்த வரிசை வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். கதவைத் திறந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கொழுந்து பறிப்பவர். மழையால் அன்றைக்கு வேலை இல்லை. நனைந்து நின்ற எங்களைப் பார்த்ததும் காரணம் கேட்காமலே உள்ளே வரச் சொல்லி, துண்டை எடுத்துக்கொடுத்தார். தேனிப் பக்கத்துக் குடும்பம், பேச்சு நல்ல தமிழ். அவருடைய மகளுக்குப் பதினேழு பதினெட்டு வயது. அவள்தான் அந்த ஊசிக்காரப் பெண்.

நான் விஷயத்தைச் சொன்னேன். மருந்து ஐஸான கதையைக் கேட்டதும் அந்தப் பெண் லேசாகச் சிரித்து, "இங்க எதுக்குக்கா ஃப்ரிட்ஜு? ஊரே ஃப்ரிட்ஜுதான்" என்றாள். அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் அவளுடைய மருந்து இருந்தது. திறந்து காட்டினாள். உபயோகத்தில் இருந்த ஒரு பாட்டில். அதில் அடியில் கொஞ்சம்தான். பிரிக்காத பாட்டில் ஒன்று. அவ்வளவுதான்.

அந்த அம்மா நிலைமையை மறைக்காமல் சொன்னார். மாதம் ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரியில்தான் வாங்குவார்கள். அந்த வாரம் போக வேண்டியது. ரோடு போய்விட்டது. முன்பு ஒரு மழையில் ரோடு அடைத்து வாரக்கணக்கில் வெளியே போக முடியாமல் கிடந்தார்களாம். திறந்த பாட்டில் இந்த வாரத்துக்கு வரும், பிரிக்காதது அதற்குப் பிறகு.

அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பது? எனக்குத் தெரியும், ஒரு வீட்டில் கடைசிப் பாட்டில் என்பதற்கு என்ன அர்த்தமென்று. அவர் எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானத்தைப் பார்க்கிறார், எதிர்ச் சரிவைப் பார்க்கிறார். இந்த மழை எத்தனை நாளைக்கு என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தைவிட, சொன்னால் அது நியாயம்தானே என்ற நினைப்பு என்னை அதிகமாக வாட்டியது.

திரும்பி வந்து தன் மகளிடம், "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என் மகளைப் பார்த்தாள். என் மகள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. அந்த நிலை எப்படி இருக்கும் என்று அங்கே என் மகளைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அவளுக்கு இன்னைக்கு வேணும்மா. எனக்கு அடுத்த வாரம்தான வேணும்" என்றாள்.

அந்த அம்மா பிரிக்காத பாட்டிலையும் நாலைந்து புது ஊசிகளையும் எடுத்து என் கையில் வைத்தார். திறந்த பாட்டிலில் இருந்தே இரண்டு ஊசிக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அவர் கேட்கவில்லை. ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும், உங்கள் பிள்ளைக்கும் கையில் இருக்கட்டும் என்றார்.

மருந்து கிடைத்தது. ஆனால் அது என் மகள் போடும் மருந்து இல்லை. வேறு வகை, வேறு அளவு. அதை எவ்வளவு போடுவதென்று எனக்குத் தெரியாது. போன் சிக்னல் அந்த லயத்தில் கிடையாது. மேலே ஒரு கோயில் பக்கத்தில் மட்டும் கிடைக்கும் என்று அந்தப் பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்து சிங்கப்பூரில் மகள் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். லைன் இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை, எங்களை ஐந்து வருடமாகத் தெரிந்த நர்ஸ் பேசினார். ஒரு கேள்வியும் வீணாகக் கேட்கவில்லை. பாட்டிலில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். நம் ஊர் மருந்தைவிட இது வீரியம் குறைந்தது, அதனால் அந்த வீட்டுப் பெண் போடும் ஊசியில்தான் அளக்க வேண்டும், நம் ஊர் ஊசியில் அளக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

இறங்கி வந்ததும் அவள்தான் மருந்தை ஊசியில் ஏற்றினாள். பேனாவுக்கே பழகிய என் மகளுக்கு இந்த ஊசியைப் பிடிக்கத் தெரியவில்லை. எனக்கும் பழக்கமில்லை. நான் அளவைச் சரிபார்த்தேன், அவள் போட்டுவிட்டாள்.

அன்று முழுக்க அந்த வீட்டிலேயே இருந்தோம். அந்த அம்மா கஞ்சி காய்ச்சினார். டிரைவர் அடிக்கடி மேலே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளைகள் இருவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஊசி எந்த இடத்தில் போட்டால் வலிக்காது, ஸ்கூலில் தலை சுற்றினால் என்ன செய்வது, இதைப் பற்றித் தெரியாதவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று. என் மகள் இதையெல்லாம் என்னிடம்கூட இவ்வளவு பேசியதில்லை. சாயங்காலம் அம்பு படுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே பார்க்கத் தொடங்கியது. நான் அடுக்களைக்குள் போய் நின்று அழுதேன். அந்த அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் ஒரு வண்டி மட்டும் போகிற அளவுக்கு ரோடு திறந்தது. தங்கிய வீட்டிலிருந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், மகளுக்கு மருந்து வாங்கினோம். அந்தப் பெண் போடும் அதே மருந்திலும் சில பாட்டில்கள் வாங்கினேன். டிரைவர் வானத்தைப் பார்த்தார். மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. இப்போதே கீழே இறங்கிவிட்டால் கொச்சிக்குப் பத்திரமாகப் போய்விடலாம், பாட்டிலை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மலையை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது.

"அம்மா, ஃபர்ஸ்ட் அங்க போவோம்" என்றாள் மகள். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வண்டியைத் திருப்பினார்.

சரிந்த மண்ணுக்குப் பக்கத்தில் டிரைவர் வண்டியை ஊர்ந்தபடி ஓட்டித் தாண்டினார். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எதுக்குக்கா திரும்பி வந்தீங்க? மறுபடி சரிஞ்சுச்சுன்னா பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"

மருந்தைக் கொடுத்தேன். வாங்கி ஒவ்வொன்றாக எழுத்தைப் பார்த்து டப்பாவுக்குள் அடுக்கினார். பிறகு எங்களை உட்காரக்கூட விடாமல், இருட்டுவதற்குள் இறங்குங்கள் என்று அனுப்பி வைத்தார். பிள்ளைகள் இருவரும் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண் இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். என் மகள் பாலிடெக்னிக்கில் இருக்கிறாள். இரண்டு பேரும் இன்றுவரை போனில் பேசிக்கொள்கிறார்கள்.

சர்ச்சிலும் கிளினிக்கிலும் மழைக்காலத்தில் மூணாறு போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். மருந்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள், திரும்புகிற நாளுக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விடுங்கள், டிரைவர் வேண்டாமென்று சொன்னால் கேட்டு நடங்கள் என்பேன். கடைசியாகச் சொன்னதை நாங்களே கேட்கவில்லை என்பதைச் சொல்வதில்லை.

அந்த வீட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உதவி செய்வது என்றால் நம்மிடம் மிஞ்சுவதைக் கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அப்படித்தான் செய்தும் வந்தேன். இப்போது யாராவது அவசரமென்று வந்து நிற்கும்போது, நமக்கு நாளைக்கு வேண்டுமே என்று மனசு கணக்குப் போடத் தொடங்கும். வாசலில் மழையைப் பார்த்து நின்ற அந்த அம்மாவும் இதே கணக்கைத்தான் போட்டார், போட்டு முடித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்துவிடுகிறது.